கறுப்பென்றால் சம்மதம்

17 ஓகஸ்ட் 2025, ஞாயிறு

பிரசாந் திரும்பவும் நாய்க் கதையைத் தொடங்கிவிட்டார். இடியப்பத்துக்குச் சொதியை ஊற்றிக்கொண்டே, பின்னேரம் மழை வரும் என்று சொல்வது மாதிரி, "ஒரு நாய் எடுப்பமோ?" என்றார். நான் சம்பல் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். அதுதான் என் பதில்.

மனிசனுக்கு நாற்பத்துநாலு வயது. பிக்கரிங்கில் ரயிலேறி ரொறன்ரோ டவுன்ரவுனுக்குப் போய், நாள் முழுக்கக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்துவிட்டு வருகிறவர். வீட்டில் இருக்கிற ஒரேயொரு பூக்கன்றுக்கே தண்ணீர் ஊற்றுவதில்லை. நாயை யார் பார்ப்பது? தை மாதக் குளிரில் யார் அதை நடத்திக்கொண்டு போவது? யாரென்று எனக்குத் தெரியும்.

ஆனால் நான் மறுப்பதற்கு உண்மையான காரணம் அது இல்லை. இங்கேயாவது உண்மையை எழுதுவோம். பிள்ளை இல்லாத வீட்டுக்கு நாய் வந்தால் சனம் என்ன சொல்லும்? எனக்கு இப்போதே கேட்கிறது.

20 ஓகஸ்ட், புதன்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான் வேலை செய்கிற பல் கிளினிக்கில் நிலக்சியிடம் சொல்லிவிட்டேன். எங்கள் ரிசப்ஷனில் இருக்கிற பிள்ளை, ஸ்காபரோவிலேயே பிறந்து வளர்ந்தது. "ஓ மை காட் அக்கா! டூடில் நாய் ஒண்டு எடுங்கோ. மயிரே கொட்டாது, சீரியஸ்லி!" என்று துள்ளினாள். மத்தியானத்துக்குள் கிளினிக் இருக்கிற மில்லிக்கன் பிளாசா முழுவதற்கும் செய்தி போய்விட்டது. பல்லுத் துப்புரவாக்க வந்த ஒரு அன்ரி, என் கைகள் அவர் வாய்க்குள் இருக்கும்போதே நாயைப் பற்றிக் கதைக்கப் பார்த்தார். "வாயை நல்லா ஆவெண்டு திறவுங்கோ" என்று சொல்லித் தப்பினேன்.

23 ஓகஸ்ட், சனி

"ஏன் நாய்?" என்று நேரடியாகக் கேட்டேன்.

பிரசாந் கொஞ்சம் யோசித்தார். "வேலையால வந்து கதவைத் திறக்கேக்க ஏதோ ஒண்டு ஓடி வரோணும் போல கிடக்கு."

"நான் வாறது காணாதோ?"

"நீர் ஒருநாளும் ஓடி வந்ததில்லையே, சாம்பவி."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் குளியலறைக்குப் போய் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்சநேரம் நின்றேன்.

பங்குனி மாதம் எல்லாவற்றையும் நிறுத்தினோம். ஏழு வருசம். ஊசி, மாத்திரை, ஸ்கான், காத்திருப்பு, திரும்பவும் ஊசி. கடைசித் தடவையும் சரிவராதபோது நான்தான் "காணும், நிப்பாட்டுவம்" என்றேன். பிரசாந் ஓம் என்றார். காரில் வரும்போது எனக்குக் கவலையைவிட நிம்மதிதான் கூடுதலாக இருந்தது. இதை யாரிடம் சொல்ல முடியும்? பிள்ளை இல்லை என்று அழுகிற பெண்ணை எல்லோருக்கும் விளங்கும். இனி வேண்டாம் என்று நிம்மதிப்படுகிற பெண்ணை?

நாய் எடுத்தால் எங்களுக்கு அது முடிந்துவிட்டது என்று ஊருக்கே தெரியும். அதுவும் ஒரு வகையில் நல்லதுதானோ? இனி யாரும் "விசேஷம் ஏதும் இல்லையோ?" என்று என் வயிற்றைப் பார்க்க மாட்டார்கள்.

30 ஓகஸ்ட், சனி

அஜாக்ஸில் ஒரு வீட்டுக்குக் குட்டி பார்க்கப் போனோம். பொன்னிறக் குட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. அந்த வீட்டுப் பெண் நல்லவள். ஒரு குட்டியைத் துவாயில் சுற்றி என் மடியில் வைத்தாள். நான் நினைக்காமலே என் கை அதன் தலைக்குக் கீழே போய்த் தாங்கிக்கொண்டது.

அவ்வளவுதான் நடந்தது. காரில் ஏறியதும் அழத் தொடங்கிவிட்டேன். மூக்கெல்லாம் ஒழுகி, ஏங்கி ஏங்கி. பிரசாந் திறப்பைப் போட்டவர் காரை எடுக்கவில்லை. என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

"குட்டி வேண்டாம்" என்றேன்.

"குட்டி வேண்டாம். வளந்த நாயாப் பாப்பம்."

நாயே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எழுதும்போதுதான் அதைக் கவனிக்கிறேன்.

1 செப்ரெம்பர், திங்கள்

தொழிலாளர் தின லீவு. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. புட்டு அவித்தேன்.

6 செப்ரெம்பர், சனி

நாய் பார்ப்பது கலியாணம் பேசுவது மாதிரியே இருக்கிறது. படம் அனுப்புகிறார்கள், குணம் சொல்கிறார்கள், குறையை மறைக்கிறார்கள்.

பிரசாந்துக்கு ஹஸ்கி வேண்டுமாம். நீலக் கண். வண்டி இழுத்து பனியில் ஓடப் பிறந்த சாதி. "உங்களுக்குப் படியேறவே மூச்சு வாங்குது, அது உங்களையெல்லோ இழுத்துக்கொண்டு போகும்" என்றேன். முகம் சுருங்கிப் போனார், பாவம். இன்றைக்குப் பார்த்த ஹஸ்கி நாங்கள் நின்ற நேரம் முழுக்க வேலியைப் பிறாண்டிக்கொண்டு ஊளையிட்டது. அவரே மெதுவாகக் கதவைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

பிறகு ஒரு சின்ன வெள்ளை நாய். தலையில் சிவப்பு ரிபன். கையில் தூக்கி வைத்திருக்க வேண்டிய சாமான். எனக்குத் தூக்கி வைத்திருக்கிற எதுவும் வேண்டாம்.

அப்படியென்றால் எது? என் அளவுக்கு வளர்ந்தது. என்னைவிட அவசரமில்லாதது. யாரும் பார்த்து "ஐயோ, செல்லம்!" என்று கத்தாத ஒன்று.

7 செப்ரெம்பர், ஞாயிறு

பார்த்தாயிற்று. பெயர் மேர்பி.

மில்லிக்கனில் இக்னேசியஸ் அண்ணை என்று ஒருவர் இருக்கிறார். முந்தி பஸ் ஓட்டினவர், இப்போது பென்சன். வீடில்லாத நாய்களுக்கு இடம் தேடிக் கொடுக்கிற அமைப்பொன்றுக்காக, இடம் கிடைக்கும்வரை நாய்களைத் தன் வீட்டில் வைத்துப் பார்க்கிறார். கதவு திறந்ததிலிருந்து நாங்கள் திரும்பும்வரை வாய் ஓயவில்லை. "உவன் குலைக்க மாட்டான், தங்கச்சி. கள்ளன் வந்தாலும் வாலாட்டி உள்ளுக்குக் கூப்பிடுவான். காவலுக்கெண்டால் வேற ஆளைப் பாருங்கோ, பேந்து என்னைப் பேசக் கூடாது."

கறுப்பு நாய். ஆறு வயது. லாப்ரடோர் பாதி, மற்றப் பாதி என்னவென்று கடவுளுக்குத்தான் தெரியும். வளர்த்தவர் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாராம். அங்கே நாய்க்கு இடமில்லை.

நான் தொழில் புத்தியை விடவில்லை. குந்தியிருந்து உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தேன். பின்பல்லில் கொஞ்சம் பற்காரை. மற்றபடி என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேரைவிடச் சுத்தம். விரலை உள்ளே விட்டபோதும் பேசாமல் நின்றது. பிரசாந் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "கிளீனிங்குக்கு வரச் சொல்லட்டோ?" என்றார்.

நான் எழும்பினேன். அது வந்து என் காலோடு சாய்ந்துகொண்டு நின்றது. நக்கவில்லை, பாயவில்லை. முழுப் பாரத்தையும் என் காலில் போட்டுவிட்டு அப்படியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு மடியில் தூக்க வேண்டும் போலவும் இல்லை, அழுகையும் வரவில்லை. என் வயதுக்காரன் ஒருத்தன் பஸ்தரிப்பில் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. அவனுக்கும் ஏதோ ஒன்று முடிந்துபோயிருக்கிறது. அதைப் பற்றி இப்போது கதைக்க விருப்பமில்லை.

இதுதான், இதேதான் என்று எனக்குப் பட்டது.

8 செப்ரெம்பர், திங்கள்

மாமியை மறந்தேபோனோம்! பிரசாந்தின் அம்மா. எங்களோடு இருக்கிறவர். வீட்டில் பாதி நாள் மரக்கறி, ஒரு முழு அறை சாமியறை. ஊரில் நாய் என்றால் முற்றத்தோடு சரி, வாசற்படி தாண்டாது. இப்படிப்பட்ட மனிசி நாயை வீட்டுக்குள் விடுவாரா?

சண்டைக்குத் தயாராகத்தான் போனோம். பிரசாந் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னார். மாமி கேட்டது ஒரேயொரு கேள்வி.

"என்ன நிறம்?"

"கறுப்பு, அம்மா."

மாமி தேத்தண்ணியைக் கீழே வைத்தார். பிறகு, "கறுப்பெண்டால் எனக்குச் சம்மதம். சாமியறைக்கு மட்டும் வரப்படாது" என்றார்.

பிரசாந் மேலே வந்து அறைக்குள் ஆடினார். உண்மையிலேயே ஆடினார்.

12 செப்ரெம்பர், வெள்ளி

மாமி தன் பழைய கம்பளிப் போர்வையைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறார். நாய்க்காம். இத்தனை வருசமாக இந்த மனிசியை நான் சரியாக அறியவில்லையோ?

14 செப்ரெம்பர், ஞாயிறு

எழுத்து வராது போல கிடக்கு. எண்டாலும் எழுதத்தான் வேணும்.

தோய்த்த உடுப்பை எடுத்துக்கொண்டு படியால் இறங்கினேன். மாமி அடுப்படியில் ஸ்பீக்கரில் போட்டு லண்டனில் இருக்கிற தங்கச்சியோடு கதைத்துக்கொண்டிருந்தார். இன்றைக்குத் தேய்பிறை அட்டமி, வைரவர் விரதம். அதனால் கதையும் வைரவரைப் பற்றித்தான்.

"கறுப்பு நாய்க்கு அட்டமிக்கு அட்டமி தயிர்ச்சோறு வைச்சால் வைரவர் பிள்ளை வரம் தருவாராம். சாதகம் பாத்த சாத்திரியார் போன வருசமே சொன்னவர். இஞ்ச நான் கறுப்பு நாய்க்கு எங்க போறது எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தன். இப்ப பார், அவங்களே கறுப்பு நாய் கொண்டு வருகினம். நான் வாயைத் திறக்கேல்லை. வைரவர்தான் அனுப்புறார். அடுத்த வருசம் இந்நேரம் பார் நீ, என்ர மடியில…"

நான் படியிலேயே இருந்துவிட்டேன்.

எது முடிஞ்சுது எண்டு காட்ட நாய் எடுக்க நினைச்சனோ, அதையே திரும்பத் தொடக்க அவ அதே நாயை எடுக்கிறா. என்ன விசர் வேலை இது! ஒரு நாயைக்கூட எனக்கு நாயா வைச்சிருக்க விடமாட்டினமோ?

மாலையில் பிரசாந்தைக் கராஜுக்குள் கூப்பிட்டுக் கேட்டேன். "மாமிக்கு இன்னும் தெரியாதோ?"

அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"நாங்கள் நிப்பாட்டினது மாமிக்குத் தெரியாதோ, பிரசாந்?"

"நீர் சொல்லியிருப்பீர் எண்டு நினைச்சன்."

"உங்கட அம்மாவுக்கு நானோ சொல்லுறது?"

"சொல்லத்தான் வெளிக்கிட்டனான். எத்தினையோ தரம். அம்மா உடைஞ்சுபோவா."

எனக்கு முதலில் கோபம். பிறகு அதைவிட மோசமான ஒன்று வந்தது. பங்குனியிலிருந்து மாமி பிடித்த விரதங்களை நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வெள்ளியும் வெறும் வயிற்றோடு, வருத்தக் காலோடு, சாமியறையில் நிலத்தில் இருந்து. நாங்கள் மூடிவிட்டு வந்த ஒன்றுக்காக அந்த மனிசி பட்டினி கிடந்திருக்கிறார். அதே வீட்டில் நாங்கள் இரவு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ரீவி பார்த்திருக்கிறோம்.

15 செப்ரெம்பர், திங்கள்

இக்னேசியஸ் அண்ணைக்கு எடுத்து, வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். காரணம் சொல்லவில்லை. அந்த மனிசன் முதல்தடவையாக ஒன்றும் பேசாமல் இருந்தார்.

17 செப்ரெம்பர், புதன்

பிரசாந் வேலையிலிருந்து ஒரு படம் அனுப்பினார். மண்ணிறமும் வெள்ளையும் கலந்த நாய். கீழே: "இது கறுப்பில்லை."

நிறத்தை மாற்றினால் எல்லாம் சரியாம்! சிரிப்பதா, போனைச் சுவரில் எறிவதா என்று தெரியவில்லை. "நாயை மாத்தாதேங்கோ. அம்மாட்ட உண்மையைச் சொல்லுங்கோ" என்று எழுதினேன்.

மேர்பி என் காலில் சாய்ந்த இடம் இன்னும் பாரமாக இருக்கிறது. இது என்ன பைத்தியம்.

20 செப்ரெம்பர், சனி

புரட்டாதிச் சனி. மாமி கோயிலில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்து கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். பிரசாந் சொல்வதாகத்தான் ஏற்பாடு. "அம்மா, உங்களோட ஒரு விசயம் கதைக்கோணும்" என்று நன்றாகத்தான் தொடங்கினார். அடுத்த வசனத்தில் பனிக்கால ரயர் மாற்றுவதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். மாமி கத்தியைப் பிடித்தபடி அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என்னால் தாங்க முடியவில்லை.

"மாமி, நாங்கள் நிப்பாட்டிப் போட்டம். ட்ரீட்மென்ற். இனிப் போகமாட்டம்."

மாமி அடுப்பை நிறுத்தினார். அதில் ஒன்றும் வைத்திருக்கவில்லை, சும்மா எரிந்துகொண்டிருந்தது.

"எப்ப?"

"பங்குனியில."

"பங்குனியில…" என்றார். விரலை மடித்து ஏதோ எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். வெட்டின கத்தரிக்காயைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பூட்டவில்லை. சாத்தினார்.

பிரசாந் மேசையில் தலையை வைத்து அழுதார். ஏழு வருசத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. நான் அழுததற்கெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர். இன்றைக்கு நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

22 செப்ரெம்பர், திங்கள்

நவராத்திரி தொடக்கம். மாமி கும்பம் வைத்தார். எங்களோடு கதைக்கவில்லை.

24 செப்ரெம்பர், புதன்

பின்பக்கத்துச் சின்ன அறையில் உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தேன். மஞ்சள் சுவர் அறை. எதற்காக அந்த மஞ்சள் அடித்தோம் என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. மாமி வந்து கதிரையில் இருந்தார். காலைத் தடவிக்கொண்டார்.

"நீ நிப்பாட்டினது பிழையெண்டு நான் சொல்லேல்லை, பிள்ளை. உன்ர உடம்பு. எனக்குச் சொல்லாமல் விட்டதுதான் பிழை."

"ஓம், மாமி."

"நீ ஊசி போட்ட நாளெல்லாம் நான் ரசம் வைச்சுத் தந்தனான். முடிஞ்ச நாளையும் சொல்லியிருக்கலாம். நானும் உங்களோடதானே இருக்கிறன். தனியவோ இருக்கிறன்?"

அயன்பெட்டியைச் சேட்டில் வைத்தபடி நின்றுவிட்டேன். மாமிதான் எழும்பி வந்து எடுத்து வைத்தார். சேட்டில் கொஞ்சம் மண்ணிறம் பிடித்துவிட்டது. பிரசாந்தின் சேட்தானே, பரவாயில்லை.

கதவடிக்குப் போனவர் திரும்பினார். "அந்த நாய் இன்னும் நிக்குதோ?"

"தெரியாது. நான் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்."

"கேட்டுப் பார். அது இல்லையெண்டால் வேற எதையெண்டாலும் எடு. உனக்குப் பிடிச்சதா எடு. நிறம் பாக்காத."

25 செப்ரெம்பர், வியாழன்

மத்தியான இடைவேளையில் இக்னேசியஸ் அண்ணைக்கு எடுத்தேன். பரீட்சை மறுமொழி கேட்கப் போகிற மாதிரி இருந்தது. "நிக்கிறான்" என்றார். "நீங்கள் வேண்டாமெண்டதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, தங்கச்சி. மறந்துபோனன்."

மறக்கிற ஆளில்லை அவர்.

4 ஒக்ரோபர், சனி

வந்துவிட்டான்.

இன்றைக்கும் புரட்டாதிச் சனி. மரக்கறி வீடு, நல்லெண்ணெய் வாசம், அதற்குள் கோழியிறைச்சி நாய்ச் சாப்பாட்டுப் பை. மாமி மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "கராஜுக்குள்ள வையுங்கோ, கராஜுக்குள்ள" என்றார்.

கதவு திறந்ததும் மேர்பி ஒருவரையும் பார்க்கவில்லை. நேராகச் சாமியறைக்குள் போய், சூட்டுக்காற்று வருகிற துவாரத்துக்குப் பக்கத்தில், மாமியின் பாயில் படுத்துக்கொண்டான். மாமிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்! "எழும்படா! எழும்பு! உது என்ர பாய்!" அவனுக்குத் தமிழ் தெரியாது. மாமி தன்னோடு கதைக்கிறார் என்று சந்தோசப்பட்டு வாலை நிலத்தில் அடித்தான்.

பிரசாந் கடைக்கு ஓடிப்போய், அறை வாசலுக்குப் போடுகிற தடுப்பு வாங்கி வந்தார். பெட்டியில் தவழ்கிற குழந்தையின் படம், சிரித்துக்கொண்டு. பிரசாந் அதைக் கடையில் கவனிக்கவில்லை, வீட்டில்தான் கவனித்தார், முகம் வெளிறிவிட்டது. நான் பெட்டியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். "தடுப்பு நல்ல பலம்" என்றேன். நல்ல பலம்தான்.

13 ஒக்ரோபர், திங்கள்

நன்றிகூறும் நாள் லீவு. தேய்பிறை அட்டமியும்கூட.

விடியவே மாமி உளுந்து அரைத்து வடை சுட்டார். வைரவர் படத்துக்கு மாலையாகக் கோர்த்துப் போட்டார். பிறகு பின்கதவடியில் மேர்பிக்குத் தயிர்ச்சோறும் ஒரு வடையும் வைத்தார். சாத்திரியார் சொன்ன அதே அட்டமி, அதே தயிர்ச்சோறு. ஆனால் அடுத்த நொடியே வேறு பயம். வெங்காயம்! நாய்க்கு வெங்காயம் நஞ்சு. நிலக்சி படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். நான் கத்திக்கொண்டு ஓடி, மேர்பியின் வாயைப் பிளந்து விரலை விட்டு வடையைத் தோண்டினேன்.

மாமி கோபத்தில் நிமிர்ந்தார். "வைரவருக்கு ஆரும் வெங்காயம் போட்டு வடை சுடுவினமோ? உனக்கு உதுகூடத் தெரியாதோ?"

அதானே. எச்சில் வடையைக் கையில் வைத்துக்கொண்டு அசட்டுத்தனமாக நின்றேன். மேர்பி அதை என் கையிலிருந்தே மெதுவாக எடுத்துச் சாப்பிட்டான்.

என்ன நினைத்து வைத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்ல மாட்டார். அதுதான் பயம்.

22 ஒக்ரோபர், புதன்

கந்தசஷ்டி தொடக்கம். இந்த முறையும் மாமி விரதம் பிடிக்கிறார். எதற்கென்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

9 நவம்பர், ஞாயிறு

முதல் பனி. நான் நினைத்தபடியே காலையில் நடத்திக்கொண்டு போகிறவள் நான்தான். நினைக்காதது, அது எனக்குப் பிடித்துவிட்டது. அவன் அவசரப்படுவதில்லை. ஒவ்வொரு மரத்தடியிலும் கடிதம் வாசிக்கிறவன் மாதிரி நிற்பான். நானும் நிற்பேன். அந்த நேரத்தில் நான் யாருக்கும் மருமகளும் இல்லை, பேஷன்றும் இல்லை.

பிளாசாவில் ஒரு அன்ரி பிடித்துக்கொண்டார். "நல்லது, பிள்ளை. உதுவும் ஒரு பிள்ளை மாதிரித்தானே?"

"இல்லை, அன்ரி. நாய் மாதிரி."

இரண்டு மாதம் முந்தியென்றால் வீட்டுக்கு வந்து அழுதிருப்பேன். இன்றைக்கு மீன் வாங்கிக்கொண்டு வந்தேன்.

12 நவம்பர், புதன்

அட்டமி. மாமி தயிர்ச்சோறு வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது. இன்னும் கேட்கிறார் போல. கேட்கட்டும். ஆனால் ஏன் எனக்கு இவ்வளவு நோகிறது? எனக்கு மாமியிடம் வேண்டியது ஒன்றுதான்: நானும் பிரசாந்தும் இருக்கிற இந்த வீடு, இப்படியே, அவருக்குக் குறையில்லாத வீடாகத் தெரிய வேண்டும். இதைப் போய் ஒரு மனிசியிடம் கேட்டு வாங்க முடியுமா?

5 டிசம்பர், வெள்ளி

பிரசாந் வருகிற ரயில் நேரம் மேர்பிக்குத் தெரியும். கதவடிக்குப் போய் நிற்கிறான். அவனுக்குப் பின்னால், "வாறான், வாறான், உன்ர ஆள் வாறான்" என்று சொல்லிக்கொண்டு மாமி. நான் இன்னும் ஓடுவதில்லை. கொஞ்சம் வேகமாக நடக்கிறேன்.

சாமியறைத் தடுப்பு இரண்டு கிழமையாகத் திறந்தே கிடக்கிறது. நானா, மாமியா திறந்து விட்டது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. பாயில் பாதி அவனுக்கு, பாதி மாமிக்கு.

1 ஜனவரி 2026, வியாழன்

வருசப் பிறப்புக்குக் கோயில். ரொறன்ரோவில் இருக்கிற சனம் முழுக்க அங்கேதான் நின்றது. வாசலில் பனிச் சப்பாத்துகள் மலைபோல. அர்ச்சனை வரிசை மண்டபத்தைச் சுற்றி வளைந்திருந்தது.

எனக்குக் கோயிலில் பிடிக்காத ஓரிடம் உண்டு. இதுவரை எழுதியதில்லை. மாமி அர்ச்சனைத் தட்டைக் கொடுத்து எங்கள் பெயர் நட்சத்திரம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு, ஐயர் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தி, "சந்தான பாக்கியத்துக்கு" என்பார். தாழ்த்தின குரல்தான், ஆனாலும் பின்னால் நிற்கிற அவ்வளவு பேருக்கும் கேட்கும். ஒவ்வொரு வருசமும் அந்த நேரத்தில் நான் என் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இன்றைக்கும் வரிசை நகர நகரத் தலை தானாகவே குனிந்துகொண்டிருந்தது.

மாமி தட்டை நீட்டினார். "பிரசாந், உத்தரம். சாம்பவி, மிருகசீரிடம். சந்திரவதனா, பூசம்." தன் பெயரையும் சொல்லிவிட்டு ஒரு மூச்சு எடுத்தார். நான் விரலைப் பார்க்கத் தொடங்கினேன்.

"மேர்பி, சதயம்."

ஐயர் நிமிர்ந்தார். "ஆர் அம்மா, மேர்பி?"

"எங்கட நாய், ஐயா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஐயருக்கும் சிரிப்பு வந்தது. "நாயின்ர நட்சத்திரம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பிறந்தது தெரியாது. எங்கட வீட்டுக்கு வந்த நாள் சதயம். பஞ்சாங்கத்தில பாத்தனான்."

ஐயர் தட்டை வாங்கிக்கொண்டார். பல வருசப் பழக்கம், மாமியைத் தெரியும். பூவை எடுத்தபடி, "வழமையான வேண்டுதலையும் சேர்த்துச் சொல்லட்டோ, அம்மா?" என்று கேட்டார்.

மாமி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"வேண்டாம், ஐயா. நாங்கள் நாலு பேரும் சுகமா இருந்தால் காணும்."

மேர்பி நாமதேயஸ்ய என்று ஐயர் தொடங்கியபோது பிரசாந் சிரிப்பை அடக்க முடியாமல் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். நான் சிரிக்கவில்லை. கால்விரலையும் பார்க்கவில்லை. மாமியின் நரைத்த கொண்டையையும், அதில் ஒட்டியிருந்த ஒரு கறுப்பு நாய் மயிரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். கண் நிறைந்து எல்லாம் கலங்கிப் போயிற்று.

வெளியே வரும்போது மாமியின் கையைப் பிடித்தேன்.

"வழுக்காது, பிள்ளை, உப்புப் போட்டிருக்கினம். விடு" என்றார்.

நான் விடவில்லை.